பல்லைச் சுத்தம் பண்ண முதல்ல யார் கத்துக்கிட்டாங்க?

இன்னைக்குப் பேசப்போறது ராஜா, போர், கோட்டை பற்றி இல்லை. உங்க வாய்க்குள்ள இருக்கிற ஒரு வரலாறு.

இதுக்குக் காரணம் என் சித்தி பொண்ணு. திண்டிவனத்துல இருந்து தினமும் காலையில பஸ் பிடிச்சு, டென்டல் ஹைஜீனிஸ்ட் படிப்புக்குப் போறா. முதல் வருஷம். போன மாசம் எங்க விழுப்புரம் வீட்டுக்கு வந்தவ, "அண்ணா, உன் வாயைக் கொஞ்சம் கடன் குடேன்"னு கேட்டா. பாடத்துக்காக ஒரு சின்னச் சோதனை. ஏதோ ஒரு சாயத்தைப் பல்லுல தடவி, கொப்பளிக்கச் சொல்லி, கண்ணாடியை நீட்டினா. நான் நல்லாத் தேய்ச்சிருக்கேன்னு நம்பிக்கிட்டிருந்த இடமெல்லாம் ரோஸ் கலர்ல திட்டுத் திட்டா நிக்குது. கண்ணுக்குத் தெரியாம பல்லுல ஒட்டியிருக்கிற கிருமிப் படலத்தை அந்தச் சாயம் காட்டிக்கொடுத்துடும். ரெண்டு வேளை பல் தேய்க்கிறேன்னு இத்தனை வருஷம் பெருமையா சொல்லிக்கிட்டிருந்தவன் நான்.

சிரிச்சு முடிச்சதும் ஒரு கேள்வி வந்தது. பல் பிடுங்க டாக்டர் இருக்கார், சரி. பல்லைச் சுத்தம் பண்றதுக்கும், எப்படிச் சுத்தம் பண்ணணும்னு சொல்லிக்கொடுக்கிறதுக்கும்னே தனியா ஒரு ஆளைப் பழக்கணும்னு யாருக்கு, எப்போ தோணுச்சு?

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிரிட்ஜ்போர்ட் என்ற தொழில் நகரம். அங்கே ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் என்ற பல் மருத்துவர். சொத்தையை அடைக்கிறது, பல்லைப் பிடுங்குறது, மறுபடி அடைக்கிறது, இதே வேலைதான். நோய் வந்த பிறகு ஓடுவதைவிட, வராமல் பார்த்துக்கொள்வது நல்லதில்லையா என்று யோசித்தார். ஆனால் ஒவ்வொருவர் வாயையும் பொறுமையா உட்கார்ந்து சுத்தம் பண்ண ஒரு டாக்டருக்கு நேரம் போதாது. 1906-ல் தன் கிளினிக்கில் உதவியாளராக இருந்த ஐரீன் நியூமன் என்ற பெண்ணுக்கு, காறை எடுப்பதையும் பல்லை மெருகேற்றுவதையும் தானே கற்றுக்கொடுத்தார். ஐரீன் அவருக்கு உறவுக்காரப் பெண்ணும்கூட.

1913-ல் அவர் இடத்தில் இருந்த வண்டிக் கொட்டகையே பள்ளிக்கூடம் ஆனது. உலகத்தின் முதல் டென்டல் ஹைஜீன் பள்ளி தொடங்கியது ஒரு கொட்டகையில்தான். ஆசிரியைகள், நர்சுகள், பல் டாக்டர்களின் மனைவிகள் எல்லாம் வந்து சேர்ந்தார்கள். 1914-ல் 27 பெண்கள் படித்து முடித்தார்கள். அவர்களில் பலர் நேராகப் போனது அந்த ஊரின் பள்ளிக்கூடங்களுக்கு, சின்னப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்க. 'டென்டல் நர்ஸ்' என்ற பேரை ஃபோன்ஸ் வேண்டாமென்றார். நர்ஸ் என்றால் மக்களுக்கு நோய்தான் நினைவுக்கு வரும், எனக்கு ஆரோக்கியம் நினைவுக்கு வரணும் என்பது அவர் வாதம். அப்படி வந்ததுதான் ஹைஜீனிஸ்ட் என்ற பேர். 1917-ல் ஐரீன் நியூமனுக்கு உரிமம் கிடைத்தது. உலகத்தின் முதல் உரிமம் பெற்ற ஹைஜீனிஸ்ட் அவர்தான்.

இதைப் படிக்கும்போது எனக்குச் சட்டுனு எங்க பக்கத்துக் கதை ஒண்ணு ஞாபகம் வந்தது. அது பல் சம்பந்தப்பட்டது இல்லை. ஆனா கேள்வி ஒண்ணேதான்.

1890. இடம், திண்டிவனம். அமெரிக்க ஆற்காடு மிஷனின் மருத்துவர் ஜான் ஸ்கடர் அங்கே இருந்தார். அவர் மகள் ஐடாவுக்கு இருபது வயசு. உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்க்க வந்தவர். டாக்டராகும் எண்ணமே அவருக்கு இல்லை. ஒரே ராத்திரியில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று பேரின் மனைவிகளுக்கும் பிரசவத்தில் சிக்கல். டாக்டர் இருக்கிறார், ஆனால் ஆண். ஆண் டாக்டர் வேண்டாம், நீங்கள் வாங்க என்று ஐடாவைக் கேட்டார்கள். அவருக்கு ஒன்றும் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா பின்னாளில் சொன்ன கதை இது.

அவர் திரும்பிப் போய் மருத்துவம் படித்தார், 1899-ல் பட்டம் வாங்கினார், 1900-ல் வேலூரில் வேலையைத் தொடங்கினார். இன்றைய சி.எம்.சி. அங்கிருந்து வளர்ந்தது. அதில் நான் கவனிச்சது வேற ஒரு விஷயம். தான் ஒருத்தி டாக்டரானால் போதும் என்று அவர் நிற்கவில்லை. 1909-ல் நர்சிங் பள்ளி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என்று மற்றவர்களைப் பழக்கிக்கொண்டே போனார்.

திண்டிவனத்திலும் சரி, பிரிட்ஜ்போர்ட்டிலும் சரி, ஊரில் ஒரு டாக்டர் இருந்தார். ஆனால் அவர் கை எட்டாத இடம் நிறைய இருந்தது. அந்த இடத்துக்குப் போகத்தான் புதுசா ஆட்களைப் பழக்க வேண்டியிருந்தது.

சரி, நம்ம நாட்டுக்கு வருவோம். 1920-ல் கல்கத்தாவில் ரஃபியுதீன் அகமது இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். சென்னையில் 1953-ல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜின் பல் மருத்துவப் பிரிவு வந்தது. ஆனால் அதற்கு முன்பே, 1948-ன் பல் மருத்துவர்கள் சட்டம் ஹைஜீனிஸ்ட் யார் என்று எழுதி வைத்துவிட்டது: பல்லில் காறை எடுப்பவர், சுத்தம் செய்பவர், மெருகேற்றுபவர், பல் சுகாதாரத்தைக் கற்றுக்கொடுப்பவர். அதாவது சுதந்திரம் வந்த அடுத்த வருஷமே இந்தத் தொழிலுக்குச் சட்டத்தில் இடம் கிடைச்சாச்சு. படிப்பு ரெண்டு வருஷம்.

ஆனா நீங்க பல் கிளினிக்குக்குப் போனா, ஸ்கேலிங்கைப் பெரும்பாலும் டாக்டரே பண்ணிடுறார். அதனால ஹைஜீனிஸ்ட்னு ஒரு தொழில் இருக்கிறதே நிறைய பேருக்குத் தெரியாது. "டாக்டருக்குப் படிக்கிறியா?"ன்னு பஸ்ல கேட்கிறவங்களுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தங்கச்சி இன்னும் யோசிச்சிக்கிட்டிருக்கா.

முதல் வருஷம் என்ன நடக்கும்? முதல்ல நிஜ வாயே கிடையாது. பிளாஸ்டிக் பல் வரிசை, அதைப் பொருத்தின பொம்மைத் தலை. 1894-ல் ஆஸ்வால்ட் ஃபெர்கஸ் கொண்டுவந்த யோசனை அது. கருவியைப் பேனா மாதிரி பிடிக்கணும், ஆனா எழுதுற மாதிரி இல்லை. மோதிர விரல் பக்கத்துப் பல் மேல ஊன்றி நிக்கணும். அந்த ஊன்றுதல் இல்லைன்னா கருவி வழுக்கி ஈறைக் கிழிச்சிடும். வாய்க்குள்ள நேரா பார்க்க முடியாத பல்லைக் கண்ணாடியில பார்த்துத்தான் வேலை செய்யணும், இடது வலதெல்லாம் மாறித் தெரியும். அப்புறம் ஒருத்தர் வாயில ஒருத்தர் பழகுவாங்க. கருவிகள்ல ஒரு குடும்பத்துக்கே 'கிரேசி'ன்னு பேர். கிரேசி மோகன் இல்லீங்க, மிச்சிகனைச் சேர்ந்த க்ளேட்டன் கிரேசி. ஒவ்வொரு பல்லின் ஒவ்வொரு பக்கத்துக்கும் தோதா வளைஞ்ச கருவிகள். இதெல்லாம் தேறின பிறகுதான் நோயாளி, அதுவும் ஆசிரியர் பக்கத்துல நிக்கும்போது.

இப்போ எங்க அம்மா கதை. நாற்பத்திரண்டு வயசுல அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் ஆட ஆரம்பிச்சது. ஒரு கிளினிக்ல பிடுங்கினாங்க. அடுத்த வருஷம் இன்னொண்ணு. மொத்தம் ஏழு. ஈறு நோய்னு ஒண்ணு இருக்கு, அதைத் தடுக்கலாம்னு ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லலை. மிச்சம் இருக்கிற பல்லையாவது சுத்தம் பண்ணலாம்மான்னா, "காறையை எடுத்தா பல் ஆடும்டா"ம்பாங்க. எங்க தெருவுல பாதிப் பேர் நம்புற விஷயம் அது.

தங்கச்சி பக்கத்துல உட்கார்ந்து சொன்னா: "பெரியம்மா, நம்ம கரும்புத் தோட்டத்து வேலிக் கம்பு ஞாபகம் இருக்கா? அடியில மண்ணு கரைஞ்சு போச்சு. சுத்தி இறுகிக் கிடந்த சேறுதான் தாங்குச்சு. சேத்தை எடுத்ததும் கம்பு ஆடுச்சு. கம்பு ஆடுனதுக்குச் சேத்தை எடுத்ததா காரணம்? மண்ணு போனதுதானே?" காறைக்கு அடியில எலும்பு ஏற்கெனவே தேய்ஞ்சிருக்கும். காறையை விட்டுவச்சா இன்னும் தேயும். டாக்டர்கள் யாரும் எங்க அம்மாவுக்கு இப்படிச் சொன்னதே இல்லை. சட்டத்துல எழுதியிருக்கே, "கற்றுக்கொடுப்பவர்"னு, அது இதுதான்னு எனக்கு அப்போதான் புரிஞ்சது.

படிக்கிற பொண்ணு வீட்ல வச்சு வைத்தியம் பண்ணக் கூடாது. அதனால அம்மாவே பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போனாங்க. ஒன்றரை மணி நேரத்துல வாயில கால்வாசிதான் முடிஞ்சது. ஆசிரியை ரெண்டு தடவை நிறுத்தி, விரல் ஊன்றின இடத்தைத் திருத்தினாங்களாம்.

சாயங்காலம் அம்மாகிட்ட எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன்.

"புள்ளைக்குக் கை நடுங்குச்சு. எடுத்துட்டு, மறுபடி ஊன்றி, மறுபடி ஆரம்பிச்சா. அடுத்த செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கா."

போறீங்களான்னு கேட்டேன்.

"பின்ன? மிச்சம் முக்கால்வாசி யார் பண்றது?"

அவ்வளவுதான் மக்களே. உங்க வீட்லயும் காறையை எடுத்தா பல் ஆடும்னு சொல்ற ஆள் இருந்தா, அந்த வேலிக் கம்புக் கதையைச் சொல்லிப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.