மலைப்பாதை மகிழுந்தும் வேற்றுநாட்டு வானொலியும்



சென்ற பள்ளி விடுமுறையில் என் பழைய மகிழுந்தில் வானொலிப் பெட்டி ஒன்றைப் பொருத்த முற்பட்டேன். இருந்த பெட்டி ஊமையாகிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. ‘ஹாஃப் கட்’ கடையொன்றில், ஜப்பானில் ஓடிய மகிழுந்திலிருந்து கழற்றிய பெட்டி மலிவாகக் கிடைத்தது. குறுவட்டு இனிமையாகப் பாடியது. ஆனால் மின்னல் பண்பலையைத் தேடினால், எண் 90-ஐத் தொட்டதும் மீண்டும் 76-க்கே ஓடியது. பழுதான பொருளைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக இருந்தேன். நல்ல வேளை, போகவில்லை.

ஒரு பெட்டிக்கு ஏன் இவ்வளவு கவலை என்று கேட்பீர்கள். ரிங்லெட்டைத் தாண்டித் தேயிலைத் தோட்டத்துக்குள் நுழையும் வளைவுப் பாதையில்தான் என் அன்றாடப் பயணம். வழியில் இரண்டு மூன்று பிள்ளைகளை ஏற்றிக்கொள்வதுண்டு. வகுப்பறைக்கு வெளியே அவர்கள் காதில் திருத்தமான தமிழ் விழுவது காலைச் செய்தியில்தான். கைப்பேசியில் அவர்கள் கேட்பதைப் பற்றி இங்கு எழுதப் போவதில்லை.

மலாயாவில் ஒலிபரப்புத் துறை 1946 ஏப்ரலில் தொடங்கப்பட்டது. 1948-இல் அவசரகாலம் பிறந்த பிறகு, தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் மக்கள் கூடிக் கேட்பதற்கென மின்கலத்தில் இயங்கும் பொது வானொலிகள் வைக்கப்பட்டன. அரசாங்கத்தின் நோக்கம் பரப்புரைதான். ஆயினும் லயத்து மக்களுக்குப் பாட்டும் நாடகமும் அந்த வழியாகவே வந்தன. பின்னர் டிரான்சிஸ்டர் பெட்டி வந்து, வானொலியைத் திண்ணையிலிருந்து தோளுக்கு மாற்றியது.

மகிழுந்தில் ஏறிய வானொலிக்கு வேறொரு கதை. 1930-இல் அமெரிக்காவின் கால்வின் சகோதரர்கள் ‘மோட்டோரோலா’ என்ற பெயரில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். 1932-இல் ஜெர்மனியின் புளோபுங்க்ட் நிறுவனம் ஐரோப்பாவின் முதல் மகிழுந்து வானொலியை வெளியிட்டது. அதன் விலை ஒரு சிறிய மகிழுந்தின் விலையில் மூன்றில் ஒரு பங்கு! அக்காலப் பெட்டிகள் வெற்றிடக் குழாய்களால் ஆனவை. வாகனத்தின் 6 வோல்ட்டை நூற்றுக்கணக்கான வோல்ட்டாக உயர்த்த, ரீங்கரிக்கும் அதிர்வி ஒன்று உள்ளே இருக்கும். 1955-இல் கிரைஸ்லர் வாகனங்களுக்கெனப் பில்கோ நிறுவனம் டிரான்சிஸ்டர்களால் மட்டுமே இயங்கும் வானொலியைச் செய்தபின், அந்த ரீங்காரம் தேவையற்றுப் போனது.

ஒரு வண்டியின் பெட்டியை இன்னொரு வண்டிக்கு மாற்றும் தொல்லையும் அன்றே தொடங்கிவிட்டது. நம் கேமரன் மலையில் இன்றும் ஓடும் பழைய லேண்ட் ரோவர்களைப் பாருங்கள். 1960களின் பிற்பாதி வரை வந்த பிரிட்டிஷ் வாகனங்கள் பலவற்றில், மின்கலத்தின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். பிற்கால வாகனங்களில் உடலோடு சேர்வது எதிர்முனை. பிற்காலப் பெட்டியொன்றைப் பழைய வண்டியில் அப்படியே திருகிவிட்டால், அதன் இரும்புக் கூடு வண்டியின் உடலைத் தொடும். ஒரு நொடியில் புகை கிளம்பும். பெட்டியும் வண்டியும் தனித்தனியே நல்லவைதான். சேர்த்துவைத்த கைதான் அறியாத கை.

ஒலிபெருக்கியிலும் இதே கதை. பழைய வண்டிகள் பலவற்றில் ஒலிபெருக்கியின் ஒரு கம்பி நேரே வண்டியின் உடலோடு சேர்ந்திருக்கும். பிற்காலப் பெட்டிகளிலோ ஒவ்வொரு ஒலிபெருக்கிக்கும் இரண்டு கம்பிகள். இரண்டில் எதுவும் உடலைத் தொடக் கூடாது. தொட்டால் பெட்டியின் ஒலிபெருக்கும் பகுதி கருகிவிடும்.

உலகம் பிறகு ஓரளவு ஒழுங்குக்கு வந்தது. ஜெர்மானியர் வகுத்த பெட்டி அளவு உலகத் தரமாயிற்று; கடைகளில் அதை ‘டின்’ என்பார்கள். தனியாக விற்கும் பெட்டிகளில் மஞ்சள் கம்பி எப்போதும் உயிரோடிருக்கும் மின்சாரத்துக்கு, சிவப்பு சாவியைத் திருப்பினால் வரும் மின்சாரத்துக்கு, கறுப்பு உடலுக்கு என்ற வழக்கமும் நிலைத்தது. மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கிச் சாவியின் கம்பியில் சேர்த்துவிட்டால், வண்டியை நிறுத்தும்போதெல்லாம் கடிகாரமும் சேமித்த நிலையங்களும் மறைந்துவிடும். முதல் நாள் நான் செய்ததும் அதுவே. ஆலையிலேயே பொருத்தி வரும் பெட்டிகள் இந்த நிற வழக்குக்குக் கட்டுப்படுவதில்லை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனிச் செருகி, தனி நிறம். ஆகவே அளவுமானியால் அளந்து பார்க்காமல் எந்தக் கம்பியையும் வெட்டாதீர்கள். மின்கலத்தின் முனையைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். உருகியை ஒருபோதும் தவிர்க்காதீர்கள்.

கம்பிகள் எல்லாம் சரியானபின்னும் மின்னல் வராததற்குக் காரணம் ஜப்பானின் தொலைக்காட்சி வரலாறு. உலகின் பெரும்பகுதி, நம் நாடு உட்பட, பண்பலைக்கு 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை ஒதுக்கியது. ஜப்பானோ 76 முதல் 90 வரை ஒதுக்கியது. 90 முதல் 108 வரை அங்கே தொலைக்காட்சியின் முதல் மூன்று அலைவரிசைகள் குடியிருந்தன. 2011 ஜூலையில் பழைய முறைத் தொலைக்காட்சி ஏறக்குறைய நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. நிலநடுக்கத்தால் பாதிக்கப்பட்ட மூன்று மாவட்டங்களில் மட்டும் 2012 மார்ச் வரை நீடித்தது. காலியான இடத்தில் 2014 முதல் 95 வரை வானொலி நுழைந்தது. அதற்கு முந்திய ஜப்பானியப் பெட்டிக்கு 90-க்கு மேல் உலகமே இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் மின்னல் 92.3, ராகா 99.3. இரண்டும் அதன் செவிக்கு எட்டாதவை. கடைக்காரர்மேல் குற்றமில்லை, எங்கிருந்து வந்த பெட்டி என்று நான்தான் யோசிக்கவில்லை.

இதற்கு ஒரு மருந்து உண்டு. ‘எக்ஸ்பேண்டர்’ என்னும் சிறு பெட்டியை வான்கம்பிக்கும் வானொலிக்கும் இடையில் செருகிச் சிவப்புக் கம்பியிலிருந்து மின்சாரம் கொடுக்க வேண்டும். அது வரும் அலையை ஒரு குறிப்பிட்ட அளவு கீழே இறக்கித் தருகிறது. எனக்குக் கிடைத்தது 12 மெகாஹெர்ட்ஸ் இறக்குவது. அதன்படி 99.3 என்பது 87.3 ஆகும். குறை என்னவென்றால், நலிந்த அலையை அது மேலும் நலிவாக்கலாம். மலைகளுக்கிடையே பண்பலை ஏற்கெனவே திணறுவது. குன்று குறுக்கிட்டால் அலை நின்றுவிடும்.

பள்ளி திறந்த முதல் நாள், நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி பெட்டியை உற்றுப் பார்த்துவிட்டு, “அறிவிப்பாளர் ஓர் எண் சொல்கிறார், பெட்டி வேறு எண் காட்டுகிறதே டீச்சர்?” என்று கேட்டாள். பன்னிரண்டைக் கழித்துப் பார் என்றேன். தசம எண்ணைக் கழிக்கும் பாடத்துக்கு இதைவிட நல்ல கரும்பலகை எனக்கு இதுவரை அமைந்ததில்லை. அன்றுமுதல் பின்னிருக்கையில் போட்டி போட்டுக்கொண்டு கழிக்கிறார்கள். செய்தி தொடங்கியதும் அமைதியாகிவிடுகிறார்கள். புரியாத சொல் வந்தால் மட்டும் முன்னால் எட்டிக் கேட்கிறார்கள்.

நேற்று, தேயிலைச் சரிவை ஒட்டிய பெரிய வளைவில், செய்தியின் நடுவே வெறும் இரைச்சல் மட்டும் எழுந்தது. பின்னாலிருந்து ஒரு குரல்: “டீச்சர், பன்னிரண்டைக் கழித்தாலும் வரவில்லையே!”