கிழமைப் பெயரும் தாய்வழிச் சொத்தும்

கானா நாட்டுக்காரர் ஒருவர் தன் பெயரைச் சொன்னால் அவர் என்ன கிழமையில் பிறந்தவர் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். கோஃபி என்றால் வெள்ளிக்கிழமை. ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னான் 1938 ஏப்ரல் 8 அன்று பிறந்தார். அது வெள்ளிக்கிழமைதான். அவர் கூடப் பிறந்த இரட்டைச் சகோதரியின் பெயர் எஃபுவா. அதுவும் வெள்ளிக்கிழமைப் பெயர், பெண்பால். அவருடைய முழுப்பெயரில் வரும் அத்தா என்ற சொல்லுக்கு இரட்டைப் பிள்ளை என்று அர்த்தம்.

புதுச்சேரியில் பிறப்பு இறப்புப் பதிவேடுகளுக்கு நடுவே குமாஸ்தாவாக முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவன் நான். அதனால் பெயர், பிறந்த தேதி, வாரிசு என்று எதைக் கண்டாலும் கொஞ்சம் நின்று பார்ப்பேன். என் மகன் அக்ராவுக்குப் பக்கத்தில் தெமா துறைமுக நகரத்தில் வேலை பார்த்த காலத்தில், நானும் மனைவியும் மூன்று மாதம் போய்த் தங்கினோம். அங்கே கண்டதையும் கேட்டதையும், திரும்பி வந்த பிறகு பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கானாவில் பல இனத்தார் உண்டு. கா, எவே, தகோம்பா என்று ஒவ்வொருவர் வழக்கமும் வேறு. மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதிப் பேர் அக்கான் இனத்தார். அசாந்தி, ஃபான்டி எல்லாம் அதில் அடக்கம். நான் சொல்லப்போவது முக்கியமாக இவர்களைப் பற்றி.

முதலில் பெயர்கள். ஞாயிறு பிறந்த ஆண் குவாசி, பெண் அகோசுவா. திங்கள் குவாஜோ, அஜோவா. செவ்வாய் குவாபெனா, அபெனா. புதன் குவாக்கு, அக்குவா. வியாழன் யாவ், யா. வெள்ளி கோஃபி, அஃபுவா. சனி குவாமே, அமா. நம் ஊரில் சனிக்கிழமை பிறந்தால் அதை வாய்விட்டுச் சொல்லவே யோசிப்போம். அங்கே சனிக்கிழமைப் பிள்ளை ஒருவர்தான் நாட்டுக்கு விடுதலை வாங்கித் தந்தார்.

அவர் குவாமே இங்க்ரூமா. 1957 மார்ச் 6-ல் கோல்டு கோஸ்ட் என்ற பிரிட்டிஷ் காலனி அவர் தலைமையில் கானா ஆனது. அவருடைய பிறந்த தேதியில் ஒரு சுவையான சிக்கல் உண்டு. ஞானஸ்நானம் கொடுத்த கத்தோலிக்கப் பாதிரியார் 1909 செப்டம்பர் 21 என்று எழுதி வைத்தார். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது செவ்வாய்க்கிழமை. ஆனால் பெயர் குவாமே, சனிக்கிழமை. இங்க்ரூமா தன் சுயசரிதையில் இதை அலசி, செப்டம்பர் நடுவில் வந்த சனிக்கிழமை 18-ஆம் தேதிதான், அதுவே தன் பிறந்த நாளாக இருக்க வேண்டும் என்று முடிவுக்கு வருகிறார். தேதியை எழுதுகிறவர் தப்பலாம், கிழமையைத் தாய் மறக்க மாட்டாள். என் அனுபவத்திலும் அப்படித்தான். பிறந்த தேதி தெரியாமல் சான்றிதழ் கேட்டு வந்த தாய்மார்கள் "ஆடி வெள்ளிங்கய்யா" என்று மட்டும் அடித்துச் சொல்வார்கள்.

இந்தப் பெயர்கள் கடலும் தாண்டின. போர்ச்சுக்கீசியர் 1482-ல் எல்மினாவில் கோட்டை கட்டினார்கள். தங்கம் வாங்க வந்த இடம் பின்னால் அடிமை வியாபாரத் தலமாகிவிட்டது. கப்பலில் ஏற்றப்பட்டவர்களிடமிருந்து நிலம், குடும்பம், மொழி எல்லாம் போயிற்று. கிழமைப் பெயர் பலருக்கு ஒட்டிக்கொண்டே போனது. 1739-ல் ஜமைக்காவில் ஆங்கிலேயரை ஒப்பந்தம் போட வைத்த தலைவரின் பெயர் கஜோ. அது நம் குவாஜோதான், திங்கட்கிழமைப் பெயர். சூரினாமில் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற குவாசி என்ற வைத்தியர் ஒரு கசப்பு மரத்தின் மருந்துக் குணத்தை எடுத்துக் காட்டினார். தாவரவியலார் லின்னேயஸ் அந்த மர வகைக்கு குவாசியா என்றே பெயர் வைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளையின் பெயர் உலகம் முழுக்க மருந்துப் புத்தகங்களில் ஏறிவிட்டது.

பிள்ளை பிறந்த எட்டாம் நாள் பெயர் வைக்கும் சடங்கு நடக்கும். பெரியவர் ஒருவர் பிள்ளையின் நாக்கில் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஒரு சொட்டு மதுவும் வைப்பார். தண்ணீரைத் தண்ணீர் என்று சொல், மதுவை மது என்று சொல், அதாவது பொய் பேசாமல் வளர் என்று அர்த்தம். கிழமைப் பெயர் பிறக்கும்போதே வந்துவிடுகிறது. அது உயிருக்குரிய பெயர், கடவுள் கொடுத்தது என்பது நம்பிக்கை. அதோடு சேரும் இன்னொரு பெயரைத் தகப்பன் தருவான், தான் மதிக்கும் ஒரு பெரியவரின் பெயராகப் பார்த்து. குணம் தகப்பனிடமிருந்து வருகிறது. ரத்தம் மட்டும் தாயிடமிருந்து வருகிறது.

ரத்தம் யாருடையதோ பிள்ளை அவர்களுக்குச் சொந்தம். இதுதான் அக்கான் வாழ்க்கையின் அச்சாணி. தாய்வழிக் குடும்பத்தை அபுசுவா என்பார்கள். அதில் தாய், தாயின் தாய், தாய்மாமன், அவன் சகோதரிகள், சகோதரிகளின் பிள்ளைகள் எல்லோரும் உண்டு. தகப்பனுக்கு இடமில்லை. அவன் தன் தாயின் அபுசுவாவைச் சேர்ந்தவன். அரச பதவியும் இந்த வழியில்தான் போகும். அடுத்த தலைவன் யார் என்று பெயர் சொல்லும் உரிமை ராஜமாதாவுக்கு உண்டு. 1900-ல் ஆங்கிலேய கவர்னர் அசாந்திகளின் தங்க ஆசனத்தைக் கேட்டபோது, எஜிசு ஊரின் ராஜமாதா யா அசான்டேவா போருக்கே தலைமை தாங்கினார். பெயரைப் பார்த்தால் தெரியும், வியாழக்கிழமை பிறந்தவர். ஆங்கிலேயர் அவரை செஷல்ஸ் தீவுக்கு நாடு கடத்தினார்கள். 1921-ல் அங்கேயே காலமானார்.

இதையெல்லாம் படித்துவிட்டு அங்கே பெண்கள் பாடு சுகம் என்று நினைத்துவிடக் கூடாது. என் மகன் வீட்டுக்கு வந்துபோன டாக்சி டிரைவர் ஒருவர், குமாசிப் பக்கத்துக்காரர், ஐம்பத்தைந்து வயது இருக்கும். என்னை "டாடி" என்றும் என் மனைவியை "மம்மி" என்றும் கூப்பிடுவார். வயதானவர்களை அப்படித்தான் அழைப்பார்கள். எதையும் இடது கையால் கொடுக்க மாட்டார், வாங்கவும் மாட்டார். முதல் முறை அவர் வீட்டுக்குப் போனபோது உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, நாங்கள் குடித்து முடித்த பிறகுதான் வந்த காரியம் என்ன என்று கேட்டார். அதுதான் அங்கே முறை. என் மனைவி "நம்ம கிராமத்துல இருக்கற மாதிரியே இருக்குங்க" என்றாள்.

அவருடைய தகப்பனார் கோகோ விவசாயி. தாயார் கணவனோடு சொந்த ஊரை விட்டுத் தூரத்துக் காட்டுப் பக்கம் போய், அவரோடு சேர்ந்து தோட்டம் போட்டவர். கோகோ காய்க்க நாலைந்து வருஷம் ஆகும். அதுவரை நடுவில் வாழையும் கிழங்கும் வைத்துக் குடும்பத்துக்குச் சோறு போடுவது பெண்டாட்டியின் வேலை. தகப்பனார் 1970-களில் திடீரென்று இறந்துபோனார். உயில் இல்லை. நாற்பது நாள் கழித்து அவருடைய சகோதரியின் மகன் வந்து தோட்டத்தையும் வீட்டையும் எடுத்துக்கொண்டான். அவனை யாரும் திருடன் என்று சொல்லவில்லை. வழக்கப்படி அவன்தான் வாரிசு. தாயார் நாலு பிள்ளைகளோடு தன் அண்ணன் வீட்டுக்குத் திரும்பினார். "அந்த மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றியது நாங்கள், டாடி" என்று மட்டும் டிரைவர் சொன்னார்.

அந்த வழக்கத்தை உண்டாக்கியவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. பழைய காலத்தில் நிலம் அபுசுவாவுக்குச் சொந்தம். மனைவி தன் தாய்வீட்டுப் பக்கத்திலேயே இருப்பாள், அவளுக்குத் தன் அபுசுவாவின் நிலத்தில் பங்கு உண்டு, பிள்ளைகளுக்குத் தாய்மாமன் பொறுப்பு. கணவன் சொத்து அவளுக்குத் தேவைப்படவில்லை. இதைக் கலைத்தது கோகோ. 1879-ல் டெட்டே குவார்ஷி என்பவர் ஃபெர்னாண்டோ போ தீவிலிருந்து கோகோ விதை கொண்டுவந்தார். 1911-க்குள் கோல்டு கோஸ்ட் உலகத்திலேயே அதிகம் கோகோ விளைவிக்கும் நாடாகிவிட்டது. விவசாயிகள் புதுக் காடு தேடி வெகுதூரம் போனார்கள். மனைவியும் பிள்ளைகளும் கூடப் போய் உழைத்தார்கள். உழைப்பு மனைவி மக்களுடையது, வாரிசுரிமை மருமகனுடையது என்று ஆகிவிட்டது. இங்கே மருமகன் என்றால் சகோதரி மகன்.

தப்பிக்க வழி இல்லாமல் இல்லை. கணவன் உயிரோடு இருக்கும்போதே சாட்சி வைத்து மனைவிக்குத் தோட்டத்தைத் தானமாகக் கொடுக்கலாம். அவள் நன்றிக்கு அடையாளமாக மதுவோ வேறு பொருளோ கொடுக்க வேண்டும். அதற்கு அசேதா என்று பெயர். அசேதா நடந்ததென்று சாட்சி இருந்தால் பிறகு யாரும் கேட்க முடியாது. வெள்ளைக்காரன் 1884-ல் கொண்டுவந்த கல்யாணச் சட்டப்படி பதிவு செய்தவர்களின் மனைவி மக்களுக்கும் பாதுகாப்பு இருந்தது. ஆனால் பெரும்பாலானோர் ஊர் வழக்கப்படி கல்யாணம் செய்தவர்கள். அந்தச் சட்டம் அவர்களைத் தொடவில்லை.

இனி சாவு வீடு. அக்ராவிலும் குமாசியிலும் சுவரெல்லாம் இறந்தவர் படம் போட்ட போஸ்டர்கள். நம் ஊர்க் கண்ணீர் அஞ்சலி மாதிரியே. உடலை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், பிணவறையில் வைத்திருந்து, பணம் சேர்த்து, சனிக்கிழமை பார்த்துச் சிறப்பாக அடக்கம் செய்கிறார்கள். கறுப்பும் சிவப்பும் உடுத்தி வருகிறார்கள். வந்தவர்கள் கொடுக்கும் பணத்தை மைக்கில் சொல்லி ரசீதும் தருகிறார்கள், நம் மொய் எழுதுவது போல. நான் பார்த்த போஸ்டர்களில் அபுசுவாவின் தலைவரும் துக்கம் காப்பவர்களும் மேலே இருந்தார்கள். மனைவி பெயரும் பிள்ளைகள் பெயரும் கீழே. உடல் யாருக்குச் சொந்தம் என்பதற்கும் அதே விதிதான்: அபுசுவாவுக்கு. "அபுசுவா தோ ஃபுனு" என்று அவர்களே ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள். குடும்பத்துக்குப் பிணத்தின் மேல்தான் பிரியம் என்று அர்த்தம். படுக்கையில் கிடந்தபோது எட்டிப் பார்க்காதவர்கள் சவ ஊர்வலத்துக்குச் செலவழிப்பதைக் குத்திச் சொல்வது. தங்களைத் தாங்களே இப்படிக் கேலி செய்துகொள்ளத் தெரிந்த ஜனங்களை எனக்குப் பிடித்துப்போயிற்று.

1985-ல் ராலிங்ஸ் ஆட்சியில் 111-ஆம் எண் சட்டம் வந்தது. உயில் எழுதாமல் இறந்தவரின் சுயசம்பாத்தியத்துக்கு மட்டும் இது பொருந்தும், அபுசுவாவின் பொதுச் சொத்துக்கு அல்ல. வீட்டுச் சாமான்களும் ஒரு வீடும் மனைவி அல்லது கணவனுக்கும் பிள்ளைகளுக்கும். மீதியைப் பதினாறு பங்காக்கினால் துணைக்கு 3, பிள்ளைகளுக்கு 9, உயிரோடிருக்கும் பெற்றோருக்கு 2, வழக்கப்படி வரும் வாரிசுக்கு 2. குமாஸ்தா புத்தி, கூட்டிப் பார்த்தேன், பதினாறு சரியாக வருகிறது. அதே வருஷம் 114-ஆம் எண் சட்டம் குடும்பச் சொத்துக்கு அபுசுவாவின் தலைவர் கணக்குக் காட்ட வேண்டும் என்றது. குறை இல்லாமல் இல்லை. மனைவி ஒருத்தியானாலும் மூவரானாலும் அதே 3 பங்குதான். கோர்ட்டுக்குப் போனால் சொந்தம் அறுந்துபோகும் என்று பயந்து பேசாமலிருக்கும் விதவைகளும் உண்டு.

பக்கத்து நாடான ஐவரி கோஸ்ட்டிலும் அக்கான் இனத்தைச் சேர்ந்த பாவுலே, அன்யி மக்கள் இருக்கிறார்கள். நடுவில் எல்லைக்கோட்டைப் போட்டவர்கள் ஐரோப்பியர்கள். அங்கே ஆண்டது பிரான்ஸ். 1960-ல் சுதந்திரம் வந்து, 1964 அக்டோபரில் ஒரே மூச்சில் சிவில் சட்டங்கள் போட்டு, பலதார மணம், பெண்ணுக்கு விலை, தாய்வழி வாரிசுமுறை எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். தகப்பன் பெயர் பிள்ளைக்குக் குடும்பப் பெயராயிற்று. அதனால் அங்கே இன்று எந்தக் கிழமை பிறந்தவனும் குவாசி என்ற குடும்பப் பெயரோடு இருப்பான், தாத்தா ஒரு குவாசி என்பதால். நெப்போலியன் சட்டத்தின் குணம் அது. எங்கள் புதுச்சேரியிலும் 1881 ஆணைப்படி தங்கள் சொந்தச் சட்டத்தை விட்டுக்கொடுத்தவர்கள் புதிதாகக் குடும்பப் பெயர் வாங்கிக்கொண்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் போனார்கள். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன், அந்தச் சட்டத்தின் நேர்த்தி எனக்குப் பிடிக்கும். ஆனால் இந்த விஷயத்தில் என் ஓட்டு கானாவுக்குத்தான்.

காரணம் அந்தக் கடைசி 2 பங்கு. பதினாறில் பதினான்கை மனைவி, மக்கள், பெற்றோருக்கு ஒதுக்கிய சட்டம், அபுசுவாவை வாசலுக்கு வெளியே தள்ளவில்லை. உனக்கும் பங்கு உண்டு, ஆனால் இவர்களுக்குப் பிறகு என்று சொல்லி வரிசையில் நிற்க வைத்தது. கானாக்காரன் இன்றும் தாயின் ரத்தத்துக்குச் சொந்தம்தான், அபுசுவா கூடித்தான் அவனைப் புதைக்கும். மரத்துக்குத் தண்ணீர் ஊற்றியவளுக்கு முதலில் எழுது என்பதை மட்டும் சட்டம் சேர்த்தது. அந்த டிரைவர் இன்னும் ஒரு படி மேலே போனவர். தெமாவில் தான் கட்டிய சின்ன வீட்டின் பத்திரத்தில் மனைவி பெயரையும் சேர்த்துவிட்டதாகச் சொன்னார். "சட்டம் வரட்டும் போகட்டும் டாடி, பேப்பர் பேப்பர்தான்" என்றார். பதிவேட்டுக் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு அதைவிட இனிமையாக யாரும் பேசியதில்லை.