சேமிப்பு இருக்கையில் உதவித்தொகை கேட்கலாமா? வேலையிழந்தோர் உரிமையின் வரலாறு



கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிக்குச் செல்லும் வழியில் காபித் தோட்டங்களுக்கு நடுவே அமைந்துள்ள ஊர் பெரும்பாறை. காபிப் பழம் பறிக்கும் பருவத்தில் அங்கு ஆள் கிடைப்பதே அரிது. பறிப்பு முடிந்துவிட்டால் பலருக்கு வேலை குறைந்துவிடும். ஆகவே இத்தகைய மலையூர்களின் இளைஞர்கள் திண்டுக்கல், திருப்பூர், கோவை ஆகிய ஊர்களின் ஆலைகளுக்கு இறங்கிச் செல்கின்றனர். சில ஆண்டுகள் உழைத்துச் சிறிது பணம் சேர்த்தபின், உடல்நலம் குன்றியோ, பெற்றோரைக் கவனிக்கவோ, முதலாளியோடு ஒத்துப்போகாமலோ வேலையை விட்டுத் திரும்புவோரும் உண்டு. அவர்களுக்கும் அவர்களைப் போன்ற நம் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் எழும் கேள்வி இதுதான்: "நானாகத்தான் வேலையை விட்டேன். கையில் கொஞ்சம் சேமிப்பும் இருக்கிறது. வேலையில்லாதோருக்கான பணத்தை நான் கேட்கலாமா?"

இக்கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. ஏனெனில் "வேலையில்லாதோருக்கான பணம்" என்பது ஒரே வகைப் பணமன்று. வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்த்தால் இது தெளிவாகும்.

மதீனாவில் இருந்த இரு ஏற்பாடுகள்

இஸ்லாமிய வரலாற்றின் தொடக்கத்திலேயே பொதுப்பணம் இரு வழிகளில் மக்களைச் சென்றடைந்தது. முதலாவது ஜகாத். அது தேவையை அளந்து வழங்கப்படுவது. உடல்வலிமை மிக்க இருவர் ஸதகாவிலிருந்து பங்கு கேட்டு வந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அவர்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, செல்வந்தருக்கும் உழைத்து ஈட்டக்கூடிய வலியவருக்கும் இதில் பங்கில்லை என்னும் கருத்தை எடுத்துரைத்ததாக அபூதாவூதில் காண்கிறோம். வறுமையுற்றவர் கேட்பதாயின், அவருடைய சமூகத்தைச் சேர்ந்த அறிவுடையோர் மூவர் அவரது நிலைக்குச் சான்றுரைக்க வேண்டும் என்பது கபீஸா (ரலி) அறிவிக்கும் ஹதீஸின் கருத்து. இன்று வருவாய்த் துறையிடம் நாம் பெறும் வருமானச் சான்றின் நோக்கமும் அதுவே. அடிப்படைத் தேவைகள் போக 200 திர்ஹம் வெள்ளியின் மதிப்புக்குரிய உடைமை எஞ்சியிருப்பவர் ஜகாத் பெறலாகாது என்பது ஹனஃபி மத்ஹபின் சட்டம். ஷாஃபிஈ மத்ஹபில் தேவைக்குப் போதுமானது உண்டா, தகுந்த தொழில் உண்டா என்று பார்க்கப்படும்.

இரண்டாவது, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தீவான் என்னும் பதிவேட்டை ஏற்படுத்தி வழங்கிய ஆண்டு உதவித்தொகை. இதில் ஏழை, செல்வர் என்ற பாகுபாடு இல்லை. பதிவேட்டில் பெயர் இருந்தால் அது அவருடைய உரிமை. ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்கள், இனி எவரிடமும் எதையும் பெறமாட்டேன் என்று நபிகளாரிடம் கூறிய சொல்லைக் காத்து அத்தொகையை மறுத்தார்கள். அப்போது உமர் (ரலி) அவர்கள், "அவருக்குரிய உரிமையை நான் கொடுக்க முன்வந்தேன்; அவர்தாம் ஏற்கவில்லை" என்னும் கருத்துப்பட மக்களைச் சாட்சியாக்கினார்கள். மறுத்தவரின் பேணுதலையும், மறுக்கப்பட்டது அவருடைய உரிமையே என்பதையும் இந்நிகழ்ச்சி ஒருங்கே காட்டுகிறது.

தேவைக்காக வழங்கப்படுவது, உரிமையாக வழங்கப்படுவது என்னும் இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு நம் காலத்துக்கு வருவோம்.

இங்கிலாந்தில் எழுந்த இரு கேள்விகள்

வேலையின்மைக்கான கட்டாயக் காப்பீட்டை நாடு தழுவிய சட்டமாக்கிய முதல் நாடு பிரிட்டன். 1911ஆம் ஆண்டின் தேசியக் காப்பீட்டுச் சட்டத்தின்படி கட்டடம், கப்பல் கட்டுதல், பொறியியல் முதலிய சில தொழில்களில் தொழிலாளியும் முதலாளியும் பணம் செலுத்தினர். அரசும் தன் பங்கைச் சேர்த்தது. வேலையிழந்தவருக்கு வாரம் 7 ஷில்லிங், ஓராண்டில் 15 வாரங்கள் வரை கிடைத்தது. சேமிப்பு எவ்வளவு என்று அச்சட்டம் கேட்கவில்லை. ஆனால் "ஏன் வேலையை விட்டாய்?" என்று கேட்டது. நியாயமான காரணமின்றித் தானாக விலகியவருக்கு ஆறு வாரங்கள் பணம் நிறுத்தப்பட்டது.

பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் 1931இல், காப்பீட்டுக் காலம் முடிந்தும் வேலை கிடைக்காதவர்களுக்கு அரசு பணம் தந்தபோதுதான் இரண்டாம் கேள்வி நுழைந்தது. அதிகாரிகள் வீடு தேடி வந்து, சேமிப்பையும் பிள்ளைகளின் ஊதியத்தையும் கணக்கிட்டனர். சிக்கனமாக வாழ்ந்து நாலு காசு சேர்த்தவன் அதனாலேயே உதவியை இழந்தான். குடும்பச் சோதனை என்னும் அந்த முறை தொழிலாளர் மனத்தில் நெடுநாள் ஆறாத கசப்பை விட்டுச் சென்றது.

நம் நாட்டுச் சட்டங்கள்

இந்தியாவில் 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் 1953இல் ஆட்குறைப்பு இழப்பீடு சேர்க்கப்பட்டது. ஓராண்டுக்குக் குறையாமல் தொடர்ந்து பணியாற்றியவரை ஆட்குறைப்புச் செய்தால், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் தரவேண்டும். பத்தாண்டு உழைத்தவருக்கு 150 நாள் ஊதியம் கிடைக்கும். சேமிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது அவருக்குரியது. ஆனால் தாமாக விரும்பி ஓய்வு பெறுவது ஆட்குறைப்பு ஆகாது என்று அச்சட்டம் தெளிவாக வரையறுத்தது.

இங்கே நம் பிள்ளைகள் விழிப்போடு இருக்க வேண்டும். ஆட்களைக் குறைக்கும் வேளையில் "ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போ" என்று சொல்லும் இடங்கள் உண்டு. அந்த ஒரு கையெழுத்து, நீக்கப்பட்டவரை விலகியவராக மாற்றிவிடும். இழப்பீட்டைக் கோரும் வழியும் அடைபட்டுப் போகலாம்.

தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகம், அதாவது இ.எஸ்.ஐ., 2005ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் ராஜீவ் காந்தி பெயரிலான திட்டத்தை நடைமுறைப்படுத்தியது. ஆலை மூடல், ஆட்குறைப்பு, நிரந்தர உடல் ஊனம் ஆகியவற்றால் வேலையிழந்தோருக்கு அது உரியது. 2018 ஜூலையில் அடல் பெயரிலான மற்றொரு திட்டம் வந்தது. சராசரி நாள் ஊதியத்தில் 25 விழுக்காடு, 90 நாள் வரை என்று தொடங்கிய அது, கொரோனா காலமான 2020இல் 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. ஒழுங்கீனத்தால் நீக்கப்பட்டவருக்கும் விருப்ப ஓய்வு பெற்றவருக்கும் அதில் இடமில்லை. வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பது அங்கும் கேள்வியன்று. சந்தா செலுத்தியவரின் உரிமை என்பதே அதன் அடிப்படை.

வருங்கால வைப்பு நிதியான பி.எஃப். இவற்றுள் சேராது. அது தொழிலாளியின் சொந்தச் சேமிப்பும் முதலாளி சேர்த்த பங்குமாகும். தாமாக விலகியவரும் விதிப்படி அதைப் பெறலாம். இதில் தயக்கத்திற்கே இடமில்லை.

மலையூருக்கு வந்த உரிமை

இ.எஸ்.ஐ. பெரும்பாலும் ஆலைகளையும் நிறுவனங்களையும் சார்ந்தது. தோட்டங்களில் நாட்கூலிக்குச் செல்பவரை அது எட்டியதில்லை. பெரும்பாறை போன்ற ஊர்களின் கூலித் தொழிலாளருக்கு, வேலையின்மைக்கு ஈடு உண்டு என்று முதன்முதலில் கூறியது 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம்தான். நூறு நாள் வேலை என்று நாம் அழைத்தது அதையே. வேலை கேட்டு 15 நாட்களுக்குள் தராவிடில், முதல் 30 நாட்களுக்குக் கூலியில் நான்கில் ஒரு பங்குக்கும், அதன்பின் பாதிக்கும் குறையாமல் படி தரவேண்டும் என்று அது விதித்தது. வேலை தந்தும் ஏற்காதவர் மூன்று மாதங்களுக்கு அப்படியைக் கேட்க இயலாது. இச்சட்டமும் சேமிப்பைப் பற்றிக் கேட்கவில்லை. உழைக்க முன்வருகிறாரா என்பதை மட்டும் பார்த்தது.

வேலைவாய்ப்பு அலுவலகத்தின் உதவித்தொகை

தமிழக அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை வேறு வகையானது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டுகள் காத்திருப்போருக்கு, பத்தாம் வகுப்புத் தேறியிருந்தால் மாதம் 300 ரூபாய், பன்னிரண்டாம் வகுப்புக்கு 400, பட்டப்படிப்புக்கு 600 என மூன்றாண்டுகள் வழங்கப்படுகிறது. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மிகக்கூடாது. விண்ணப்பதாரர் எந்த வேலையிலும் சுயதொழிலிலும் இருக்கக்கூடாது. அதற்கு உறுதிமொழியும் தரவேண்டும்.

இது சந்தா செலுத்திப் பெறுவதன்று. பொதுக் கருவூலத்திலிருந்து தேவையுடையோருக்குச் செல்வது. அதன் அளவுகோல் கையிலிருக்கும் சேமிப்பன்று, குடும்பத்துக்கு ஆண்டுதோறும் வரும் வருமானமே. ஆகவே சிறு சேமிப்பு இருப்பதனால் மட்டும் ஒருவர் விலக்கப்படுவதில்லை. ஆனால் வீட்டு வாடகையையும் அண்ணனின் ஊதியத்தையும் மறைத்துச் சான்று வாங்கினால், அது பொய்ச்சாட்சியமாகும். மாதம் 600 ரூபாய்க்காகப் பொய்ச்சாட்சியம் சொல்லலாமா என்பதை ஒவ்வொருவரும் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நாம் கொள்ளவேண்டிய தெளிவு

நம் வீடுகளில் இரு தவறுகள் நிகழ்கின்றன. "அரசாங்கப் பணம்தானே, எல்லோரும் வாங்குகிறார்கள்" என்று தகுதியற்ற தொகைக்குக் கையெழுத்திடுவது ஒன்று. பேணுதல் என்று எண்ணியோ, "கேட்பது கேவலம்" என்று கூச்சப்பட்டோ இ.எஸ்.ஐ. தொகையையும் ஆட்குறைப்பு இழப்பீட்டையும் விட்டுவிடுவது மற்றொன்று. ஹகீம் (ரலி) அவர்கள் தமக்குரியதைத் தாமே துறந்தார்கள். ஆனால் மனைவி மக்களின் உணவுக்குப் பொறுப்பேற்ற ஒருவர், தம் ஊதியத்திலிருந்து பிடித்த பணத்தால் விளைந்த உரிமையைக் கைவிட்டுவிட்டுக் கடன் கேட்டு அலைவது பேணுதலாகாது.

எனவே விண்ணப்பத்தை நிரப்புமுன் இது சந்தாவால் வந்த உரிமையா, தேவைக்காகத் தரப்படும் உதவியா என்று பாருங்கள். உரிமையாயின், விலகிய காரணத்தை உள்ளபடி எழுதுங்கள். சேமிப்பைக் குறித்து வெட்கப்பட வேண்டாம். உதவியாயின், வருமானத்தை உள்ளபடி எழுதுங்கள். விதி இடம் தந்தாலும், சேமிப்பைக் கொண்டு சில மாதங்கள் சமாளிக்க முடியுமானால், நம்மைவிட நலிந்தவருக்கு விட்டுக்கொடுப்பது மேலானது.

ஹலாலான உழைப்பையும், உரியதைத் தயங்காமல் கேட்கும் துணிவையும், உரியதல்லாததைத் தொடாத மனத்தையும் வல்ல அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.