எழுத்தின் மேல் ஓடும் மின்னல்

கல்யாண வீடியோ எடிட்டிங்தான் எனக்குப் பிழைப்பு. பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும் தங்க நிறத்தில் வந்து நின்றதும், எழுத்தின் மேல் இடமிருந்து வலமாக ஒரு மின்னல் ஓடியாக வேண்டும். ஓடவில்லையென்றால், "பேரு மேல லைட்டு அடிக்கலையா தம்பி?" என்று பெண்ணின் சித்தப்பா கேட்டுவிடுவார். இந்த மின்னல் கம்ப்யூட்டர் கொண்டுவந்த வித்தை என்றுதான் பலருக்கும் நினைப்பு. அதைவிட மூத்தது இது.

ஃபிலிம் காலத்தில் டைட்டில் செய்தவர்களிடம் கோடக்கின் கோடலித் என்ற ஃபிலிம் இருந்தது. சாம்பல் நிறமே அதற்குத் தெரியாது. முழுக் கறுப்பு, இல்லையென்றால் கண்ணாடித் தெளிவு. எழுத்து மட்டும் தெளிவாகவும் மற்றதெல்லாம் கறுப்பாகவும் இருக்கும்படி அதில் எடுத்து, கண்ணாடி மேசையில் வைத்து அடியிலிருந்து விளக்கைப் போடுவார்கள். மேலே தூணில் மாட்டிய கேமரா ஒவ்வொரு ஃபிரேமாகப் பிடிக்கும். முதல் சுற்றில் எழுத்து முழுவதும் மங்கலாகப் பதியும். பிறகு ஃபிலிமைப் பின்னால் சுற்றி, சாய்வாகக் கீறல் வெட்டிய கறுப்பு அட்டையை எழுத்துக்கு அடியில் கொடுத்து, ஃபிரேமுக்கு ஒரு நூல் நகர்த்தி, அதே ஃபிரேம்களின் மேல் இன்னொரு முறை எடுப்பார்கள். ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம். நடுவில் கை பிசகினால் எல்லாம் முதலிலிருந்து.

ஷட்டரைத் திறந்தே வைத்துக் கேமராவை நகர்த்தினால் எழுத்தே ஒளிக்கோடாக இழுபடும். 1978இல் வந்த 'சூப்பர்மேன்' படத்தில் பெயர்கள் நீல ஒளியாகச் சீறி வருவது நினைவிருக்கும். அது நியூயார்க்கில் கிரீன்பெர்க் சகோதரர்கள் தொடங்கிய நிறுவனத்தின் வேலை. நம் ஊரில் 1992இல் 'அண்ணாமலை' படத்தில் ஒளிப் புள்ளிகளாக 'சூப்பர் ஸ்டார்' என்ற எழுத்து தோன்றியது. அதற்குப் பிறகு தியேட்டரில் டைட்டிலுக்கே விசில் அடித்தார்கள்.

1993இல் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற மென்பொருள் வந்தது. கறுப்பு அட்டை 'மாஸ்க்' ஆயிற்று, செய்முறை மாறவில்லை. ஒரு குறை மட்டும் எனக்கு உண்டு. விளக்கு நிஜமாக எரிந்த காலத்தில், லென்ஸ் முன் டிஃப்யூஷன் கண்ணாடி வைத்தால் வெளிச்சம் எழுத்தின் ஓரத்தைத் தாண்டிக் கசியும். கம்ப்யூட்டர் மின்னல் எல்லைக் கோட்டோடு கத்தரித்தாற்போல நின்றுவிடுகிறது. அந்தக் கசிவைத் தனியாக 'குளோ' போட்டுத்தான் கொண்டுவருகிறேன்.

இத்தனை மின்னல்களில் அலங்காரத்தைத் தாண்டி ஒரு வேலை செய்தது 2007இன் முதல் ஐபோனில் இருந்ததுதான். திரையில் பூட்டைத் திறக்கத் தள்ளச் சொல்லும் ஒரு வரியின் மேல் இடமிருந்து வலமாக வெளிச்சம் ஓடும். விரலை எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. 2016இல் ஐஓஎஸ் 10 வந்து, ஹோம் பட்டனை அழுத்தினால் போதும் என்றானதும் அந்த வரியை எடுத்துவிட்டார்கள்.