கடல் கடந்த வாத்சல்யம்

நற்காட்சிக்கு எட்டு உறுப்புகள் உண்டு என்று ஆசாரியர்கள் வகுத்துள்ளனர். அவற்றுள் ஏழாவது வாத்சல்யம். உடன் அறம் பேணுவோரிடத்துப் பசு தன் கன்றின்மேல் வைப்பது போன்ற அன்பு. எட்டாவது பிரபாவனை, அறத்தின் பெருமையை உலகறிய விளக்குதல். முன்னது உறவை அணைக்கிறது. பின்னது அயலாரை நோக்கிக் கதவைத் திறக்கிறது. அயல்நாட்டில் வேரூன்ற விழையும் குடிகளுக்கு இவ்விரண்டும் வேண்டும் என்பதை ஹாலாரி வீசா ஓஸ்வால் சமணர்களின் வரலாறு உணர்த்துகிறது.

குஜராத்தில் ஜாம்நகரைச் சூழ்ந்த ஹாலார் பகுதியின் 52 ஊர்கள் இவர்தம் தாயகம். வணிகரினும் உழவரே இவர்களுள் மிகுதி. விக்கிரம ஆண்டு 1956இல், அதாவது 1899-1900இல், பெரும் பஞ்சம் நேர்ந்தது. வயல் காய்ந்த இளைஞர் சிலர் பாய்மரக் கப்பலேறி மொம்பாசாத் துறையை அடைந்தனர். அங்கிருந்து உள்நாடு நோக்கி இரயில் பாதை அமைக்கப்பட்டுவந்த காலம் அது. முதலில் பிறர் கடைகளில் ஊழியம் செய்த இவர்கள், பின்னர் நைரோபி, திக்கா முதலிய இடங்களில் 'டூகா' எனப்படும் சிறு கடைகளைத் தாமே தொடங்கினர்.

கையில் முதலில்லாத உழவர் வணிகராக வளர்ந்தது உறவின் துணையால்தான். முன் சென்றவர் தம்பியையும் மருமகனையும் வரவழைத்தார். வந்தவருக்குக் கடையே உறைவிடம், அங்கேயே உணவு. சில ஆண்டுகள் தொழில் பயின்றபின் சரக்கைக் கடனாகப் பெற்றுத் தனிக்கடை வைத்தார். அக்கடனுக்கு ஊர்ப்பெயரும் குடிப்பெயருமே பிணை. சொல் தவறியவர் தம் மக்களுக்கு மணவுறவு தேடுவதும் அரிதாகும். பெண்டிர் வந்து சேர்ந்தபின் கதிரவன் மறையுமுன் உண்ணும் நெறியும் குழந்தைகளுக்கான பாடசாலையும் நிலைபெற்றன. 1963இல் மொம்பாசாவில் சிகரத்துடன் கூடிய சினாலயம் எழுந்தது.

எனினும், காத்த வேலியே சில இடங்களில் மதிலாகவும் நின்றது. குடியேற்ற ஆட்சி குடியிருப்பையும் பள்ளியையும் இனவாரியாகப் பிரித்திருந்தது. கடையில் சுவாகிலி பேசியவர்கள், கடை மூடியபின் ஆப்பிரிக்க மக்களோடு பழகும் வாய்ப்பு மிகக் குறைவு. கென்யா 1963இல் விடுதலை பெற்றது. குடியுரிமை பெறாதோரின் வணிகத்தையும் வேலையையும் கட்டுப்படுத்தும் சட்டங்கள் 1967இல் வந்தன. பலர் பிரிட்டன் செல்ல முனைந்தனர். பெற்றோர் அல்லது பாட்டன் பாட்டி வழியில் அந்நாட்டோடு தொடர்பில்லாதோரை, அவர்கள் பிரிட்டிஷ் கடவுச்சீட்டு உடையோராயினும், தடுக்கும் சட்டத்தை 1968 மார்ச்சில் அந்நாடு இயற்றியது. 1972இல் உகாண்டாவின் இடி அமீன் ஆசியர் வெளியேற 90 நாள் கெடு விதித்தார். அப்போது லெஸ்டர் நகராட்சி, தம் நகருக்கு வரவேண்டாவென்று உகாண்டா நாளிதழிலேயே விளம்பரம் செய்தது.

அதே லெஸ்டரில்தான் வரலாறு திரும்பியது. முன்பே வந்து தங்கியிருந்த உறவினரை நாடி மக்கள் அங்கே சென்றனர். ஆனால் இம்முறை உறவு உறவோடு நின்றுவிடவில்லை. பழைய கிறித்தவத் தேவாலயம் ஒன்று வாங்கப்பட்டு, சலவைக்கல் முகப்பும் செதுக்குத் தூண்களும் பெற்று, 1988இல் சினாலயமாகப் பிரதிட்டை செய்யப்பட்டது. தாயகத்தில் தனித்தனியே வழிபடும் சுவேதாம்பரர், திகம்பரர், தானகவாசியர், ஸ்ரீமத் ராஜசந்திரர் வழியினர் ஆகியோர்க்கு அங்கே ஒரே கூரையின்கீழ் இடம் உண்டு. மகாவீரர் வரலாற்றைத் தேவாலயங்களுக்குரிய வண்ணக் கண்ணாடிச் சாளரங்களே காட்டுகின்றன. வந்த நாட்டின் கலைவடிவத்தில் தம் அறத்தை எழுதிவைத்த செயல் அது. இலண்டனுக்கு வடக்கே பாட்டர்ஸ் பார் அருகிலுள்ள ஓஸ்வால் மையத்தில் 2005இல் மற்றொரு சினாலயம் எழுந்தது.

இன்று தமிழ்ச் சமணக் குடும்பங்களின் பிள்ளைகளும் கல்விக்காகவும் பணிக்காகவும் தொலைநாடு செல்கின்றனர். முன் சென்ற உறவினர் அவர்களுக்கு முதல்நாள் உணவும் இருப்பிடமும் தருவது வாத்சல்யம். அடுத்த வீட்டாரும் சினாலய வாயிலைத் தயக்கமின்றி மிதிக்குமாறு வாழ்வது பிரபாவனை. முன்னதை மட்டும் கற்பித்து அனுப்பினால், பாதி அறத்தையே கட்டுச்சோறாகக் கட்டிக் கொடுத்தவர்களாவோம்.