ராக்கெட்டுக்குத் திசை கொடுத்த குச்சி

சாத்தூரை ஒட்டி அச்சங்குளம், வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை என்று விரியும் கரிசல் பூமியின் பட்டாசுத் தொழிலைப் பற்றி யார் எழுதினாலும் பேச்சு மருந்தில்தான் போய் நிற்கிறது. வெடியுப்பு எவ்வளவு, கந்தகம் எவ்வளவு, கரி எந்த மரத்துக் கரி, அலுமினியத் தூள் எப்போது வந்தது என்பதெல்லாம் விரிவாகப் பேசப்படுகின்றன. ராக்கெட்டின் பக்கவாட்டில் கட்டிய குச்சியைப் பற்றி ஒரு வரி வந்தால் அதிகம். ஆனால் இந்தப் பண்டத்தின் சரித்திரத்தைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்த்தால், விலை மிகக் குறைந்த அந்தக் குச்சிதான் சீறும் நெருப்பைப் பறக்கும் பொருளாக்கியது என்பது தெரியும். மருந்து தருவது வேகம் மட்டுமே. எடை எந்த இடத்தில் விழுகிறது, காற்று எந்த இடத்தில் தள்ளுகிறது என்ற இரண்டும்தான் திசையை முடிவு செய்கின்றன. அந்த இரண்டையும் ஒழுங்குபடுத்துவது குச்சி.

வாண வேலை தெரிந்தவர்களிடம் இதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. மருந்து ஏற்றிய குழாயைக் குச்சியோடு கட்டி, ஒரு விரலின் மேல் படுக்கவைத்து நிறுத்திப் பார்ப்பார்கள். விரல் தாங்கும் இடம் குழாயின் வாய்க்குச் சற்றுக் கீழே, குச்சியின் மேல் அமைந்தால் ராக்கெட் சரி. அந்த இடம் குழாய்க்குள்ளேயே அமைந்தால் குச்சி போதவில்லை, ராக்கெட் எழும்பியதும் குட்டிக்கரணம் போடும். வெகுவாகக் கீழே இறங்கினால் குச்சி கனம், பாதி உயரத்திலேயே சோர்ந்துவிடும். காரணம் எளிது. கிளம்பிய நொடியில் ராக்கெட்டுக்கு வேகம் குறைவு, அதை நேராக்கக் காற்றுக்கு வலு இல்லை. நீண்ட குச்சியைச் சட்டென்று திருப்புவது கடினம் என்பதால், அந்த ஆபத்தான கணத்தில் தலை சாய்வது தாமதப்படுகிறது. பாட்டிலுக்குள் நிறுத்திக் கொளுத்துவதும் இதே கணத்தைக் கடப்பதற்குத்தான். வேகம் கூடியபின் வால் பக்கத்தின் மேல் மோதும் காற்று ராக்கெட்டை நேராகப் பிடித்துக்கொள்கிறது.

இந்த அறிவு நம் நாட்டில் பழையது. 1443இல் விஜயநகரம் வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், மகாநவமி விழாவின் வாணவேடிக்கையைக் கண்டு எழுதியிருக்கிறார். ஒடிசாவை ஆண்ட கஜபதி பிரதாபருத்திரர் பெயரில் வழங்கும் ‘கௌதுக சிந்தாமணி’ என்ற சமஸ்கிருத நூலில் வாண வகைகளுக்கான செய்முறைகள் இருப்பதைப் பி. கே. கோடே 1953இல் வெளியிட்ட ஆய்வில் எடுத்துக்காட்டினார். விழாவுக்கான இந்த நெருப்பு போர்க்களத்தில் பெரும் பெயர் எடுத்தது மைசூரில். ஹைதர் அலி, திப்பு சுல்தான் படைகளின் ராக்கெட் இரும்புக் குழாயால் ஆனது. அதில் நீண்ட மூங்கிலைக் கட்டுவார்கள், சிலவற்றில் வாளின் அலகையே கட்டுவார்கள். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை நொறுங்கியபோது இந்த ராக்கெட்டுகள் களத்தில் இருந்தன. இங்கே ஒரு மறுப்பு எழும்: மைசூரின் வெற்றிக்குக் காரணம் இரும்புக் குழாய்தானே, குச்சிக்கு ஏன் பெருமை? இரும்பின் பங்கை மறுக்க முடியாது. காகிதமோ மூங்கிலோ தாங்காத அழுத்தத்தை இரும்பு தாங்கியது, அதனால் தூரம் கூடியது. ஆனால் இரும்பு வந்ததும் தலைப்பக்கம் கனத்தது. அதை ஈடுகட்டக் குச்சியும் நீள வேண்டியிருந்தது. பாதித் தூரத்தில் தலைகீழாகத் திரும்பும் ராக்கெட் எய்தவன் படைக்கே எமன். தூரத்தை இரும்பு கொடுத்திருந்தாலும், அந்தத் தூரத்தைப் பயனுள்ளதாக்கியது மூங்கில்.

இதற்கு ஆங்கிலேயரின் அனுபவமே சாட்சி. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் மைசூர் ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குப் போயின. வில்லியம் காங்கிரீவ் அவற்றை வைத்துத் தம் ராக்கெட்டை உருவாக்கினார், 1807இல் கோபன்ஹேகன் நகரம் அதில் எரிந்தது. அவருடைய 32 பவுண்டு ராக்கெட்டுக்கு 15 அடி நீளக் கழி. பக்கவாட்டில் கட்டிய கழியால் மொத்த எடையின் மையம் ஒரு பக்கமாக விலகியது, தள்ளுவிசையோ குழாயின் நடுவில் இருந்தது. இரண்டும் ஒரே கோட்டில் இல்லாததால் ராக்கெட் ஓயாமல் ஒருபக்கம் இழுத்தது. 1815இல் காங்கிரீவ் கழியை அடித்தட்டின் நடுவில் பொருத்தி, புகை வெளியேறும் துளைகளை அதைச் சுற்றி அமைத்தார். மருந்தை அவர் மாற்றியிருக்கலாம், இன்னும் வீரியமாக்கியிருக்கலாம். திசைக்காக அவர் மாற்றியது கழியின் இடத்தைத்தான்.

1844இல் வில்லியம் ஹேல் குச்சியே இல்லாத ராக்கெட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அப்படியானால் குச்சி தேவையில்லை என்றுதானே ஆகிறது? இல்லை. வெளியேறும் புகையைச் சாய்வாக விட்டு ராக்கெட்டையே சுழலவைத்தார் ஹேல். சுழலும் பொருளில் ஒரு பக்கத்தின் கனம் மறுகணமே எதிர்ப்பக்கம் போய்விடுவதால், பிழைகள் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. தீபாவளிக்கு வாசலில் சுற்றும் தரைச்சக்கரம் அதே தத்துவத்தில்தான் நிற்கிறது. குச்சியைக் கைவிட்டவர் அது செய்த வேலையைக் கைவிடவில்லை, சுழற்சியிடம் ஒப்படைத்தார்.

குச்சி தொங்கும் கனமாக இருந்துதான் ராக்கெட்டை நிமிர்த்துகிறது என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. இந்தத் தவறு பெரிய மூளையையும் ஏமாற்றியிருக்கிறது. ராபர்ட் கோடார்ட் 1926 மார்ச் 16இல் பறக்கவிட்ட முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டில் எந்திரத்தை மேலே வைத்து, எரிபொருள் கலங்களைக் கீழே தொங்கவிட்டார். மேலிருந்து இழுத்தால் நேராகப் போகும் என்பது அவர் எண்ணம். அது 41 அடி ஏறி, 184 அடி தள்ளி விழுந்தது. எந்திரம் ராக்கெட்டோடு சேர்ந்தே சாய்வதால், மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் அதனால் நேராக்க முடியாது. பிறகு அவரும் எந்திரத்தைக் கீழே மாற்றினார். இதை நிரூபிக்கப் பட்டாசு ராக்கெட்டே போதும். பக்கக் காற்று அடிக்கும் மாலையில் கொளுத்தினால், எரியும் வரை அது காற்று வரும் பக்கமாகவே தலையைத் திருப்பிக்கொண்டு ஏறும். காற்று வாலைத் தள்ளுவதால் தலை எதிரே திரும்புகிறது. வெறும் தொங்கு கனத்துக்கு இந்தக் குணம் இருக்காது.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எதிலும் சிறு சமநிலைக் கோளாறு இருக்கத்தான் செய்யும், அது உண்மையில் அவ்வளவு பெரிதா? கோல்ஃப் ஆட்டக்காரர்கள் இதே கேள்வியை வெகுகாலமாகக் கேட்டுவருகிறார்கள். அடர்ந்த உப்புத் தண்ணீரில் பந்தை மிதக்கவிட்டு, ஒரே பக்கம் திரும்பத் திரும்ப மேலே வந்தால், எதிர்ப்பக்கம் கனம் என்று கண்டு கோடு போட்டுக்கொள்வார்கள். ஓங்கி அடித்த பந்து வேகமாகச் சுழல்வதால் கனமான பக்கம் மாறி மாறி வந்து, கோளாறு பெருமளவு கரைந்துவிடுகிறது. குழியை நோக்கி மெல்ல உருட்டும்போது, கனம் பக்கவாட்டில் இருந்தால் பந்து அந்தப் பக்கம் விலகப் பார்க்கும். ஆனால் புல்தரையின் மேடுபள்ளமும் ஆடுபவரின் கையும் செய்யும் பிழைக்கு முன் அது சிறியது. கோல்ஃப் பந்தைப் பொறுத்தவரை மறுப்பவர் சொல்வது பெரும்பாலும் சரி. ராக்கெட்டுக்கு அது பொருந்தாது. பந்து மட்டையை விட்டதும் அதைத் தள்ள எதுவும் இல்லை, ராக்கெட்டையோ மருந்து எரியும் வரை விசை தள்ளிக்கொண்டே இருக்கிறது. எடை மையத்தை விட்டு மயிரிழை விலகிய விசை, ஒவ்வொரு கணமும் அந்த விலகலைக் கூட்டிக்கொண்டே போகும். மேலும் ராக்கெட் புறப்படுவது நின்ற நிலையிலிருந்து. பந்துக்கு முதல் கணமே உச்ச வேகம்.

இந்தச் சமநிலையைக் கையால் உருவாக்கும் கரிசல் பூமிக்குத் திரும்புவோம். ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் கற்று, 1923இல் சிவகாசியில் அதைத் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப்போரில் இறக்குமதி நின்றதும் அந்த அனுபவத்தின் மேல் பட்டாசுத் தொழில் வளர்ந்தது, 1940இன் வெடிபொருள் விதிகள் அதை உரிமம் பெற்ற ஆலைகளுக்குள் கொண்டுவந்தன. குழாயில் களிமண் வைத்து, மருந்தை இறுக்கி, திரி சொருகி, குச்சி கட்டும் வேலையில் பெரும்பகுதி கைவேலையாகவே தொடர்ந்தது. எடை விழும் இடம் அந்தக் கைகளில்தான் தீர்மானமாகிறது. அதே கைகளின் சீர்மைக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. மருந்து ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளர்ந்து வெடிப்பு விட்டால், எரியும் பரப்பு திடீரென்று பெருகிக் குழாயே வெடிக்கும். மருந்தோடு பழகும் எந்த அறையிலும் அவசரம் உயிர்ப் பிரச்சினை. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் குறைந்தது 20 பேர் உயிரிழந்தார்கள், பலர் படுகாயமடைந்தார்கள். எண்ணிக்கைக்குக் கூலி என்ற முறை இந்த வட்டாரத்தில் பரவலாக இருக்கிறது. நிதானமாகச் செய்ய வேண்டிய ஒரு வேலைக்கு வேகத்தை வைத்துக் கூலி கணக்கிடுவது தொழிலின் இயல்புக்கே எதிரானது. மருந்து அறைகளிலாவது நாள்கூலியை நிலைநிறுத்தி, அதனால் ஏறும் விலையைப் பெட்டி வாங்கும் நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும்.