திரும்பி வரும் புட்டி

பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அலெக்சாண்டர் நோவெல் என்றொரு பாதிரியார் இருந்தார். லண்டன் புனித பால் பேராலயத்தின் தலைமைக் குரு. தூண்டில் போடுவதில் தீராத மோகம் கொண்டவர். மீன் பிடிக்கப் போன இடத்தில், ஏல் எனப்படும் ஆங்கிலேய பீர் நிரம்பிய புட்டியொன்றைப் புல்லில் மறந்துவிட்டு வந்தார். சில நாட்கள் கழித்து அதைக் கண்டெடுத்துத் திறந்தபோது துப்பாக்கி வெடித்தாற்போல் ஓசை எழுந்ததாம். 1662இல் வெளியான தமது நூலில் தாமஸ் புல்லர் இதைப் பதிவு செய்து, இங்கிலாந்தில் பீரைப் புட்டியில் அடைக்கும் வழக்கம் இப்படித்தான் தொடங்கியது என்று நம்பப்படுவதாகச் சொல்கிறார். கதை புனைவாக இருக்கலாம். அந்த ஓசை புனைவல்ல. வீட்டில் பீர் தயாரிக்கும் எவரும் இன்றும் காதுகொடுத்துக் காத்திருப்பதும் அஞ்சுவதும் அந்த ஓசைக்குத்தான்.

தமிழ்நாட்டில் வீட்டில் மது தயாரிப்பது சட்டப்படி குற்றம். ஆகவே இதை யாரும் செய்முறைக் குறிப்பாகக் கொள்ள வேண்டாம். ஆனால் அது அனுமதிக்கப்பட்ட நாடுகளில், அத்தகையவர்கள் எந்தக் காலிப் புட்டியைக் கழுவி எடுத்து வைக்கிறார்கள், எதை ஒதுக்குகிறார்கள் என்று பார்ப்பது சுவாரசியமானது. அந்தச் சிறு தேர்வுக்குள் ஏறக்குறைய நானூறு ஆண்டு வரலாறு மடிந்து கிடக்கிறது.

முதலில் ஓசையின் காரணம். நொதித்து முடிந்த பீரில் லிட்டருக்கு ஆறு, ஏழு கிராம் சர்க்கரையைக் கலந்து புட்டியில் அடைப்பார்கள். எஞ்சியிருக்கும் ஈஸ்ட் அதை உண்டு கரியமில வாயுவை வெளிவிடும். மூடிய புட்டிக்குள் வாயுவுக்குப் போக்கிடம் இல்லை, பீரிலேயே கரைகிறது. நுரையின் பிறப்பு இதுதான். சாதாரண அறை வெப்பத்தில் அப்புட்டியின் உள்ளழுத்தம் ஏறக்குறைய ஒரு கார் டயரின் காற்றழுத்தத்தை எட்டிவிடும். சர்க்கரை மிகுந்தாலோ, நொதித்தல் முடியுமுன் அவசரப்பட்டு அடைத்தாலோ கண்ணாடி சிதறும். ஆகவே புட்டியைத் தேர்வது அழகு பார்க்கும் வேலையல்ல, பாதுகாப்பு பற்றிய கேள்வி.

அழுத்தம் தாங்கும் கண்ணாடி எப்படி வந்தது? 1615இல் ஆங்கிலேய மன்னர் முதலாம் ஜேம்ஸ், கண்ணாடி உலைகளில் விறகு எரிக்கத் தடை விதித்தார். கப்பல் கட்டும் மரத்தைக் காப்பது அவர் நோக்கம். வேறு வழியின்றி உலைக்காரர்கள் நிலக்கரிக்கு மாறினார்கள். நிலக்கரியின் வெம்மையில் தடித்த, கருமையேறிய, வலுவான கண்ணாடி கிடைத்தது. மன்னர் காக்க நினைத்தது மரத்தை; விளைந்ததோ புட்டி.

அந்தக் கருமையும் வீண்போகவில்லை. பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருள்கள் வெளிச்சம் பட்டால் சிதைந்து, கந்தகம் கலந்த துர்நாற்றத்தைத் தருகின்றன. அதற்குக் காரணமான நீல, புற ஊதாக் கதிர்களைப் பழுப்புக் கண்ணாடி பெரிதும் தடுத்துவிடும். பச்சை அவ்வளவாகத் தடுக்காது. நிறமற்ற கண்ணாடி அநேகமாகத் தடுப்பதே இல்லை. வீட்டுத் தயாரிப்பாளர்கள் பழுப்பையே நாடுவது இதனால்தான்.

புட்டி வலுத்த பின் சிக்கல் வாய்க்கு வந்தது. தக்கை கசிந்தது, அழுத்தத்தில் பிதுங்கித் தெறித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு மூடிகளின் நூற்றாண்டு. 1872இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர், உள்ளிருக்கும் வாயுவே ஒரு கோலியை மேலே தள்ளி வாயை அடைக்கும் புட்டிக்குக் காப்புரிமை பெற்றார். நம் கோலி சோடா அதுவே. 1875இல் சார்லஸ் டி குவில்ஃபெல்ட் கம்பியால் பூட்டும் மூடிக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். நெதர்லாந்தின் க்ரோல்ஷ் நிறுவனம் 1897 முதல் அத்தகைய மூடியைப் பயன்படுத்திவருகிறது. அதன் ரப்பர் வளையத்தை மட்டும் அவ்வப்போது மாற்றினால் போதும் என்பதால் வீட்டுத் தயாரிப்பாளர்கள் அப்புட்டியைப் பொக்கிஷமாகப் போற்றுகிறார்கள்.

இந்த வரலாற்றின் திருப்புமுனை 1892. பால்டிமோர் நகரின் வில்லியம் பெயிண்டர், நாம் சோடா மூடி என்றழைக்கும் பல்வரிசைத் தகர மூடிக்குக் காப்புரிமை பெற்றார். விலை மலிவு, கசிவு இல்லை. எல்லாப் புட்டிகளின் வாயும் ஓரளவாக அமைய வேண்டியதாயிற்று. வாய் ஓரளவானதும் புட்டி ஊர் சுற்றத் தொடங்கியது. ஆலையிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து வீட்டுக்கு, மீண்டும் ஆலைக்கு. மூடி ஒருமுறைக்கு, புட்டி பலமுறைக்கு என்பதே ஏற்பாடு.

ஆனால் பெயிண்டரின் மனத்தில் இருந்த தத்துவம் வேறு. தம் நிறுவனத்தின் விற்பனையாளர் ஒருவரிடம், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பொருளைக் கண்டுபிடி, வாடிக்கையாளர் மீண்டும் மீண்டும் வருவார் என்று அறிவுரை சொன்னார். அந்த விற்பனையாளரின் பெயர் கிங் கேம்ப் ஜில்லெட். சவர பிளேடு அந்த அறிவுரையில் பிறந்தது. மூடியின் தத்துவம் பின்னர் புட்டியையும் விழுங்கியது.

1920இல் அமெரிக்காவில் மதுவிலக்கு வந்தபோது, நாடெங்கும் சமையலறைகளில் மால்ட் பாகு கொதித்தது. பழைய ஆலைப் புட்டிகள் கழுவப்பட்டன. கையால் அழுத்தும் மூடிக் கருவி வீட்டுச் சாமான் ஆயிற்று. 1933இல் விலக்கு நீங்கிய பின்னும் வீட்டில் பீர் தயாரிப்பது கூட்டரசின் சட்டப்படி குற்றமாகவே நீடித்தது. 1978 அக்டோபரில் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட பிறகே, மறு ஆண்டில் அது நாட்டுச் சட்டப்படி அனுமதி பெற்றது.

அனுமதி வந்தது, நல்ல புட்டி குறைந்துகொண்டிருந்தது. 1935இல் தகர டப்பா பீர் விற்பனைக்கு வந்துவிட்டது. போருக்குப் பின் ஒருவழிப் புட்டிகள் பெருகின. திரும்பி வர வேண்டாத புட்டிக்குத் தடித்த கண்ணாடி எதற்கு? சுவர் மெலிந்தது. கையால் திருகித் திறக்கும் மரை வாயும் வந்தது. அந்த மரையின்மேல் கையால் அழுத்தும் மூடி சரியாகப் பிடிக்காது, வாயு கசியும். எனவே வீட்டுத் தயாரிப்பாளர் முதலில் ஒதுக்குவது மரையுள்ள புட்டியை. அடுத்து, விளிம்பில் விரலோட்டிப் பார்த்து நுண்ணிய உடைவு இருந்தால் அதை. பிறகு கையில் ஏந்தி எடை பார்க்கிறார். கனமானது பெரும்பாலும் திரும்பி வருவதற்கென்றே வார்க்கப்பட்டது. தோளிலும் அடியிலும் வெண்மையாகத் தேய்ந்த வளையம் தெரிந்தால் அது பல பயணம் போய் வந்த புட்டி. ஜெர்மனியில் இத்தகைய புட்டிகள் இன்றும் புழங்குகின்றன. ஒவ்வொன்றும் ஐம்பது முறை வரை நிரப்பப்படலாம் என்கிறார்கள். காலிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் எட்டு சென்ட், கம்பிப் பூட்டு மூடி உள்ளதென்றால் பதினைந்து சென்ட்.

தூக்கியெறியும் தத்துவத்தை எதிர்த்தவர்களும் உண்டு. 1953இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் ஒருவழி பீர்ப் புட்டிகளைத் தடை செய்தது. சாலையோரம் வீசப்பட்ட கண்ணாடி வைக்கோலில் கலந்து மாடுகளின் வயிற்றுக்குள் போகிறது என்று பால் பண்ணைக்காரர்கள் முறையிட்டிருந்தார்கள். நான்கே ஆண்டுகளில் அச்சட்டம் காலாவதியானது. 1971இல் ஓரிகன் மாநிலம் காலிப் புட்டிக்கு முன்பணம் வசூலித்துத் திருப்பித்தரும் சட்டத்தை இயற்றியது.

வெர்மான்ட்டின் மாடுகளை நினைக்கும்போது நீலகிரியின் யானைகள் நினைவுக்கு வருகின்றன. காட்டில் உடைந்து கிடக்கும் மதுப்புட்டிகள் வனவிலங்குகளின் காலைக் கிழிப்பது சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. அதன் விளைவாக 2022இல் நீலகிரி மாவட்ட டாஸ்மாக் கடைகளில் புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலிப் புட்டியைத் தந்தால் திருப்பிக் கொடுக்கும் முறை வந்தது. பின்னர் அது வேறு மாவட்டங்களுக்கும் விரிந்தது. கோலி சோடாக் கடையில் குடித்து முடித்ததும் புட்டியைக் கடைக்காரர் கையில் கொடுத்துவிட்டு வந்தவர்கள் நாம். அந்த வழக்கத்தைப் பத்து ரூபாய் கொடுத்து நமக்கே மீண்டும் கற்பிக்க வேண்டியிருக்கிறது.

எங்கோ ஒரு சமையலறையில், கழுவிய புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கீறல் தேடும் மனிதர் இதையெல்லாம் எண்ணியிருக்க மாட்டார். வெடிக்காமல் இருந்தால் போதும் அவருக்கு. இருந்தாலும், ஒரு பொருளை இரண்டாம் முறை பயன்படுத்த விரும்புகிறவன்தான் அதை உண்மையாக உற்றுப் பார்க்கிறான் என்று தோன்றுகிறது.